லயத்துக்கு வந்த ஓர்கன்

எனக்கு ஓர்கன் வாசிக்கத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. தேவாலயப் பாட்டுகள்மேல் எனக்குத் தனியாக ஆசை எதுவும் இருந்ததில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது மாரியம்மன் படம். பிறகு ஏன் வெள்ளைக்காரன் காலத்து ஓர்கனை வீட்டுக்குத் தூக்கிவந்து மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டினாய் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. கோபம். வேறு அழகான காரணம் இருந்தால் சொல்லியிருப்பேன்.

நான் தலவாக்கலையில் கைத்தொலைபேசி திருத்தும் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். செத்துப்போன போன்களை உடைத்து உடைத்தே தொழிலைக் கற்றுக்கொண்டவள். லிந்துலைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு மேலே, துரைமார் கட்டிய கல் தேவாலயம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை என்று கடைக்குச் சொல்லி அனுப்பினார்கள். முதலாளி என்னை அனுப்பினார். நான் போனபோது தேவாலயச் செயலாளரும் இன்னொருவரும் ஒரு மூலையில் நின்று எதையோ அளந்துகொண்டிருந்தார்கள். அந்த இன்னொருவர், பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கி நடத்துபவர். அளவுநாடாவுக்குக் கீழே இருந்தது ஓர்கனின் வாசிக்கும் பகுதி. கையால் வாசிக்க இரண்டு வரிசைக் கட்டைகள், காலால் மிதிக்க ஒரு வரிசை, சுற்றிலும் கருத்த தேக்குப் பெட்டி. குழாய்களெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே ஈயத்துக்காக விலைபோய்விட்டனவாம்.

“இங்க போத்தல் அடுக்கலாம். இந்தக் கட்டையெல்லாம் கழட்டிட்டு மேல ஒரு கண்ணாடி போட்டா பார் கவுண்டர் ரெடி” என்றார் ஹோட்டல்காரர்.

நான் ஒலிபெருக்கியைத் திருத்திவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. குனிந்து பெட்டியின் அடியில் கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். கட்டைகள் எல்லாம் சரியாக இருந்தன. அமுக்கினால் இறங்கின, விட்டால் எழும்பின.

“இத மறுபடி பாட வைக்கலாங்க” என்றேன்.

செயலாளர் கந்தோரில், அதாவது தோட்ட அலுவலகத்தில், கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். என் பக்கம் திரும்பாமலே சொன்னார். “குழாயே இல்ல. இது வெறும் மரம்.”

“குழாய் வேணாங்க. எந்தக் கட்டைய அமுக்குறாங்கன்னு தெரிஞ்சா போதும். சத்தத்த கம்ப்யூட்டர் குடுக்கும்.”

“அத யாரு செய்யுறது?”

“நான் செய்றேங்க.”

இப்போது திரும்பிப் பார்த்தார். மேலிருந்து கீழாக, என் ரப்பர் செருப்பு வரைக்கும் பார்த்தார். “நீயா?” என்றார். ஹோட்டல்காரர் சிரித்தார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்காக நான் மூன்று மாதம் தூக்கம் கெட்டேன்.

மறுத்தால் நன்றாக இருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, கரோல் ஆராதனைக்கு முந்தின ஞாயிறுவரை தவணை தந்தார். அதற்குள் பாடினால் ஓர்கன் தேவாலயத்துக்கு. பாடாவிட்டால் அன்றைக்கே ஹோட்டல் லொறியில் ஏறும். “ஆனா கோயில் சாவிய லயத்து ஆளுக கையில குடுக்க முடியாது. வேணும்னா தூக்கிட்டுப் போய் உங்க லயத்துல வச்சு செய்” என்றார். அதோடு நான் கழன்றுகொள்வேன் என்று நினைத்திருப்பார். அடுத்த சனிக்கிழமையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுபவர் சுமையில்லாத ஒரு நடையில் ஏற்றித் தந்தார். ரோட்டிலிருந்து, தோட்டத் தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கும் எங்கள் லயம்வரை படிகள். ஆறு ஆண்கள் தோளில் தூக்கி, மேலே தார்ப்பாய் போட்டுக்கொண்டு ஏறினார்கள். வழியில் மலையிலிருந்து இறங்கிய பெண்கள் ஒதுங்கி நின்று, “யாரு தவறிட்டாங்க?” என்று கேட்டார்கள். தூக்கியவர்களுக்குச் சிரிப்பு வந்து படியிலேயே இறக்கி வைத்துவிட்டார்கள். மறுபடி தூக்க அரைமணி நேரம் ஆயிற்று.

வாசலுக்குள் நுழையவில்லை. லயத்துக் கதவு, மனிதர்களும் ஒரு சாக்கும் நுழைவதற்காக வைத்த கதவு. மிதிகட்டைகளைத் தனியாகக் கழற்றி, பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, கதவு நிலையின் பெயின்ட் உரிய உரிய உள்ளே தள்ளினோம். முன் காம்பராவில், அதாவது முன்னறையில், பாதி இடம் அதற்குப் போயிற்று. மீதிப் பாதியில் அம்மா, நான், துணி அலமாரி.

“மனுசனுக்கே கால் நீட்ட எடமில்ல. இதுல இது வேற” என்று அம்மா ஒரு வாரம் திட்டினார். பிறகு ஓர்கனின் மேல்தட்டில் சீப்பு, எண்ணெய்ப் போத்தல், மருந்துச் சரை எல்லாவற்றையும் வைக்கத் தொடங்கினார். சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன். லயத்தில் சிலர், “என்ன, வேதத்துல சேந்துட்டியா?” என்று விசாரித்தார்கள். “இல்ல, வேதம்தான் எங்க வீட்ல வந்து சேந்துருக்கு” என்றேன்.

வேலை என்னவென்றால் இதுதான். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு மெல்லிய கம்பி. கட்டையை அமுக்கினால் கம்பி போய் ஒரு பித்தளைத் தகட்டைத் தொடும். தொட்டால், தீப்பெட்டி அளவு மின்சுற்றுப் பலகை ஒன்று, இன்ன கட்டை அமுங்கியது என்று மடிக்கணினிக்குச் செய்தி சொல்லும். விட்டால் விட்டது என்று சொல்லும். அந்தச் செய்திக்குத்தான் மிடி என்று பெயர். அதில் சத்தம் கிடையாது, வெறும் தகவல். சத்தம் மடிக்கணினியில் இருக்கிறது. ஏதோ ஒரு நாட்டுத் தேவாலயத்தில் ஒவ்வொரு குழாயாக ஊதவைத்துப் பதிந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டிருந்தார்கள். நான் எடுத்துக்கொண்டேன்.

கைக்கட்டைகள் வரிசைக்கு அறுபத்தொன்று, கால்கட்டைகள் முப்பது. மொத்தம் நூற்றைம்பத்திரண்டு கம்பிகள். கடைக்குத் திருத்த வரும் கிட்டார்களின் கழித்துப்போட்ட தந்திகளை வெட்டித்தான் செய்தேன். பழைய ரேடியோக்களிலிருந்து டயோடு என்கிற சின்னச் சாமானைக் கட்டைக்கு ஒன்றாகக் கழற்றிச் சேர்த்தேன். அது எதற்கு என்று அம்மா கேட்டபோது பெரட்டைச் சொல்லி விளக்கினேன். காலையில் வேலைக்கு ஆட்களைப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிறார்கள் அல்லவா, இந்தப் பலகையும் அதைத்தான் செய்கிறது. நூற்றைம்பத்திரண்டு பேரையும் வரிசையாகக் கூப்பிடுகிறது, வந்தியா, வந்தியா என்று. ஒரு செக்கனுக்குள் பல தடவை. வராத ஒருத்திக்காகப் பக்கத்தில் நிற்பவள் குரல் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது டயோடு.

“அப்ப இது கண்டாக்கையா” என்றார் அம்மா, டயோடைக் கையில் எடுத்து. பெரட்டில் ஆட்களைக் கண்காணிக்கும் தோட்ட மேற்பார்வையாளர்தான் கண்டாக்கையா.

முதல் கட்டை ஒலித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு ஞாயிறு காலை. மடிக்கணினியை ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டியோடு கோத்து, நடுக்கட்டையை அமுக்கினேன். அந்தச் சின்னக் காம்பராவுக்குள் அவ்வளவு பெரிய சத்தம் வந்ததும் எனக்கே பயமாகிவிட்டது. தகரக் கூரை அதிர்ந்தது. “என்னடி, பேக்டரி சங்கா?” என்று அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தார். நான் அமுக்கிய விரலை எடுக்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நவம்பர் முடிவில் எல்லாக் கம்பியும் பொருத்தி ஆயிற்று. பிறகு பனியும் மழையும் சேர்ந்து வந்தன. எங்கள் பக்கம் மூடுபனி வந்தால் வெளியே நிற்காது. கதவைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும். கிட்டார்த் தந்திகளில் ஈரம் இறங்கி, சில கட்டைகள் ஒலித்தன, சில ஒலிக்கவில்லை. காலையில் ஒலித்தது மாலையில் ஒலிக்காது. கம்பிகள் பதித்த ஐந்து மரப்பலகைகளையும் கழற்றிக் காயவைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இங்கேதான் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் நனைந்தது எதுவானாலும் போகிற இடம் ஒன்றுதான். பிள்ளைகளின் பள்ளிச் சப்பாத்து, கொழுந்துக்குப் போகிறவர்கள் இடுப்பில் கட்டும் படங்கு, தீப்பெட்டி, கம்பளி, எல்லாமே அடுப்புக்கு மேலே விறகு காயப்போடும் பரணுக்குத்தான் போகும். நான் பிறந்ததிலிருந்து பார்ப்பது அது. கை தானாகவே போயிற்று. ஐந்து பலகைகளையும் பரணில் அடுக்கிவிட்டு, இரண்டு நாள் கடைக்குப் போய்வந்தேன். கீழே அம்மா பச்சை மிலாறு வைத்து எரித்துக்கொண்டிருந்தார். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது கழியும் குச்சிதான் மிலாறு. எரிவதைவிடப் புகைவது அதிகம்.

எடுத்துப் பார்த்தபோது கம்பிகள் நன்றாகக் காய்ந்திருந்தன. கூடவே ஒவ்வொன்றின் மேலும் பிசுபிசுப்பாக, கறுப்பாக, ஒரு புகைத் தோல் படிந்திருந்தது. மின்சாரம் அதைத் தாண்டாது. நூற்றைம்பத்திரண்டில் ஒன்றுகூடப் பேசவில்லை. வேறு ஊரில் பிறந்த ஒருத்தி ஓர்கனின் உள்சாமானை அடுப்புக்கு மேலே வைத்திருப்பாளா? எனக்கு என்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தவணைக்கு எட்டு நாள் இருந்தது. குறடும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, மூன்று மணி நேரத்தில் இருபது கம்பிகளைத் துடைத்தேன். அதில் பாதியை வளைத்துவிட்டேன்.

அப்போதுதான் பக்கத்துக் காம்பரா அக்கா வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இருபது வருஷத்துக்கு மேலாகக் கொழுந்து எடுப்பவர். வெளித் திண்ணையான இஸ்தோப்பில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நீ கொறட்டால புடிச்சு நசுக்குற. அது கம்பியா, கருங்கல்லா?” என்றார்.

“கறுப்பு போக மாட்டேங்குதுக்கா.”

“தள்ளு.” ஒரு பழைய சேலைத் துண்டை ஸ்பிரிட்டில் நனைத்து, கம்பியைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பில் உருவினார். கறுப்பு துணிக்கு வந்தது. கம்பி இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. “கொழுந்த கிள்ளுறப்ப செடிய ஆட்டவா செய்றோம்? விரலு மட்டுந்தான் வேல செய்யணும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இஸ்தோப்பில் படங்கை விரித்து ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். பலகைகளைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். “எத்தன கம்பிடி? நிறை கொறஞ்சா அரைப் பேரா?” என்று ஒருத்தி கேட்க மற்றவர்கள் சிரித்தார்கள். கொழுந்து குறைந்தால் பாதி நாள் சம்பளம்தான் போடுவோம் என்று தோட்டத்தில் அவர்களிடம் சொல்லாத வாரம் கிடையாது. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பல்லும் இருந்தது. அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கறை ஏறி, வெடித்து, நகம் தேய்ந்த விரல்கள். ஆனால் கம்பியைத் தொட்ட விதத்தில் என் கைக்கு வராத ஒரு கணக்கு இருந்தது. எல்லாக் கம்பியும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும் என்று நான் சொன்னேன். அளவுகோல் வேண்டுமா என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. கால்கட்டைகளின் முப்பது தடித்த கம்பிகளையும் அக்கா தனியாகவே செய்தார். மறுநாள் வேலை முடிந்து வந்து, ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து மறுபடி சீராக்கினார். அவை பிறகு ‘என் கம்பி’ ஆகிவிட்டன.

தவணை நாளன்று செயலாளரும் ஹோட்டல்காரரும் லொறியோடு வந்தார்கள். லயம் முழுக்க இஸ்தோப்பில் கூடிவிட்டது.

“சரி, என்னத்தையாவது வாசி பாப்போம்” என்றார் செயலாளர்.

எனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே. கீழ் வரிசையின் இடது கோடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கட்டையாக அமுக்கிக்கொண்டே போனேன். இருபதாவது கட்டையில், “போதும், போதும்” என்றார்.

“இல்லங்க. எல்லாத்தையும் கேட்டுட்டுப் போங்க. அப்புறம் ஒண்ணு வேல செய்யலன்னு சொல்லக் கூடாது.”

நூற்றைம்பத்திரண்டையும் கேட்கவைத்தேன். மெதுவாக. மழைத் தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்று கேட்டார்கள். கடைசிக் கட்டை முடிந்ததும் ஹோட்டல்காரர் ரோட்டுக்கு இறங்கிப் போனார். எனக்கு அது போதுமாக இருந்திருக்க வேண்டும். போதவில்லை, ஏனென்றால் செயலாளர் அடுத்துச் சொன்னது இது.

“வாசிக்கிறதுக்கு கண்டியிலருந்து ஒரு ஐயா வாராரு. நீ உள் அறையில ஒக்காந்து கம்ப்யூட்டர பாத்துக்க. ஆளு வெளிய தெரிய வேணாம்.”

“எங்க லயத்து ஆளுங்க? இந்த அக்காமாரு ஆறு பேரும் இல்லாட்டி இது பாடியிருக்காதுங்க.”

“உள்ள எடமில்ல. விருந்தாளிங்க நெறைய வாராங்க. வெளிய ஸ்பீக்கர் வைக்கிறோம், நின்னு கேக்கட்டும்.”

அக்கா காதிலும் விழுந்தது. முகம் மாறியது. நான் சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். சண்டை போட்டால் ஓர்கன் ஹோட்டல் லொறியில் ஏறலாம். “வயரு இவ்வளவுதாங்க இருக்கு” என்று, மின்சுற்றுப் பலகையையும் மடிக்கணினியையும் இணைக்கும் ஒரு முழ வயரைத் தூக்கிக் காட்டினேன். “இதுக்கு மேல நீட்டினா சத்தம் வராது. நான் வாசிக்கிறவருக்குப் பக்கத்துலதான் ஒக்காரணும்.” பச்சைப் பொய். மூன்று மீற்றர் வயர் கடை மேசை லாச்சியில் கிடந்தது. செயலாளருக்கு வயரைப் பற்றி என்ன தெரியும்? முகத்தைச் சுளித்துக்கொண்டு சரி என்றார்.

ஓர்கனை மறுபடி கோயிலுக்கே தூக்கி வந்து பொருத்தியாயிற்று. கரோல் மாலையில் நல்ல குளிர். விருந்தாளிகள் கோட்டும் சால்வையுமாக வாங்கு இருக்கைகளை நிரப்பியிருந்தார்கள். நான் என் நல்ல சேலையில், மடியில் கணினியோடு, எல்லோருக்கும் முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பார்க்கிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று நிமிர்ந்தே உட்கார்ந்தேன். பின்பக்கத்துப் பெரிய கதவு திறந்திருந்தது. அதற்கு வெளியே, கூரை ஓரத்தில், தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு அக்காவும் ஐந்து பேரும் நின்றார்கள்.

கண்டி ஐயா வயதான சிங்களக்காரர், தன்மையானவர். கட்டைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கம்பிகளை யார் சீராக்கியது, எல்லாம் ஒரே அளவில் இருக்கிறதே என்று சிங்களத்தில் கேட்டார். நான் கதவைக் காட்டினேன். அவர் திரும்பி நெடுநேரம் பார்த்தார். பிறகு வாசிக்கத் தொடங்கினார். இரண்டு பாட்டுகள் நன்றாகப் போயின. எங்கள் காம்பராவில் சங்கு மாதிரிக் கத்திய அதே சத்தம், கல்கட்டடத்தில் எழும்பி வளைந்து இறங்கியது. நான்தான் செய்தேன் என்று எனக்கே நம்பக் கடினமாக இருந்தது.

மூன்றாவது பாட்டின் முடிவில் ஐயா கைகளை எடுத்தார், கால்களை எடுத்தார். ஆனால் அடித்தொண்டைச் சத்தம் ஒன்று நிற்கவில்லை. இடது கோடியில் கடைசிக் கால்கட்டை. கம்பி தகட்டோடு ஒட்டிக்கொண்டது. கட்டை அமுங்கியே இருக்கிறது என்று மடிக்கணினி நினைத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. பிரசங்கம் செய்ய எழுந்த போதகர் வாயைத் திறந்துவிட்டு மூடினார். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. செயலாளர் குனிந்தபடியே ஓடிவந்து, “நிப்பாட்டு, நிப்பாட்டு” என்றார்.

மடிக்கணினியில் ஒரே ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், நின்றுவிடும். என் விரல் அதன்மேல்தான் இருந்தது. நான் அமுக்கவில்லை.

“என்னால முடியாதுங்க. அது அக்காவோட கம்பி. அவங்கதான் வரணும்” என்றேன். பிறகு எழுந்து நின்று, அந்தச் சத்தத்துக்கு மேலாகக் கூப்பிட்டேன். “அக்கா! உங்க கம்பி ஒட்டிக்கிச்சு!”

அக்கா துவாயைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நடு வழியாக, இரண்டு பக்கமும் மெழுகுதிரி பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் நடந்து வந்தார். அவசரமே இல்லை. மலையேறுகிறவளின் நடை. சத்தம் கூடவே வந்தது. ஐயா மரியாதையாக எழுந்து இடம் விட்டார். அக்கா மண்டியிட்டு உட்கார்ந்து, பெட்டியின் அடியில் கையை விட்டார். இரண்டு விரலால் கம்பியைப் பிடித்துவிட்டார் என்பது தோள் நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்தது. ஆனால் கிள்ளவில்லை. தலையை மட்டும் தூக்கிச் செயலாளரைப் பார்த்தார்.

“கால்கட்டைக் கம்பி மட்டுந்தாங்க என்னோடது” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. “மத்த கம்பியெல்லாம் வெளிய நிக்கிற அஞ்சு பேரோடது. அதுல எது எப்ப ஒட்டும்னு எனக்குத் தெரியாது.”

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் மடிக்கணினியைப் பார்த்தேன். போதகரைப் பார்த்தார், அவர் கதவைக் கைகாட்டினார். செயலாளர் அந்த நடு வழியிலேயே திரும்பி நடந்து, வாசலில் நின்று, உள்ளே வரும்படி அவர்களைக் கூப்பிட்டார். விருந்தாளிகள் நெருங்கி உட்கார்ந்து இரண்டாவது வாங்கில் இடம் விட்டார்கள். ஒவ்வொருத்தியாக ஐந்து பேரும் வந்து, சேலையைச் சரிசெய்து உட்கார்ந்து முடிக்கும்வரை அக்கா கையை உள்ளேயே வைத்திருந்தார். அதுவரை அந்தச் சத்தம் நிற்கவில்லை.